விண்டோஸ் 10: ஓடுற மடிக்கணினியைத் தூக்கிப் போடணுமா?

“நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?” பத்தாங் பெர்ஜுந்தாயில், அதாவது இப்போதைய பெஸ்தாரி ஜெயாவில், அக்கா யுனிசெல்லில் படிக்கும்போது 2016-இல் வாங்கிய மடிக்கணினி இன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. மறுநாளும் கணினி ஓடியது. எதுவும் மாறின மாதிரியே தெரியாது. சிக்கலே அங்கேதான்.

விண்டோஸ் 10-இலும் 11-இலும் பொதுவான நிரல் பகுதிகள் நிறைய உண்டு. 11-இல் ஓர் ஓட்டையை மைக்ரோசாப்ட் அடைத்ததும், எதை அடைத்தார்கள் என்று ஊடுருவிகள் அந்தப் புதுப்பிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதே ஓட்டை 10-இலும் இருந்தால்? அங்கே அது திறந்தே கிடக்கும். புதிய கணினிக்கு வரும் மருந்தே பழைய கணினிக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடுகிறது.

2017 மே மாதம் பரவிய ‘வானாகிரை’ தாக்குதல் நினைவிருக்கா? அதற்கான புதுப்பிப்பு மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அதிகம் பாதிக்கப்பட்டது, அப்போது இன்னும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. ஆக, ஆபத்து கணினியின் வயதில் இல்லை, புதுப்பிப்பு இல்லாததில்தான்.

அப்படியானால் 11-க்கு மாறிவிடலாமே? இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2016 மடிக்கணினி இதில் தேறாது. கெட்டுப்போகாத பொருளை விதியை மாற்றிக் குப்பையாக்குவது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வழி இருக்கு. அமைப்புகளில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்துக்குப் போய், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்ட திட்டம் இது. மைக்ரோசாப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது.

இன்னொரு வழி, லினக்ஸ் மின்ட். இலவசம்; பழைய கணினியிலும் நன்றாக ஓடும். டெலிமா, கூகுள் டாக்ஸ் எல்லாம் உலாவியிலேயே திறக்கும். மாற்றும் முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், அந்தக் கணினியில் அம்மாவின் வங்கிக் கணக்கை மட்டும் திறக்காதீங்க.

பழைய மடிக்கணினி வாங்கப் போறீங்களா? “விண்டோஸ் 11 போட்டுத் தரேன்” என்று கடைக்காரர் சொன்னால், எந்தத் தலைமுறைச் சில்லு என்று கேளுங்கள். தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றலாம். அதற்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை.