அம்புக்கும் கண் உண்டு

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்று ஒரு பழமொழி நம்மிடம் வழங்குகிறது. பட்டாளத்துக்காரன் செய்த கொடுமையைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், யாராவது ஒருவர் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். "அவன் என்ன செய்வான், பாவம்! உத்தரவு வந்தது, சுட்டான். சுடாவிட்டால் அவனையல்லவா சுட்டிருப்பார்கள்?" என்கிறார். கேட்பதற்குக் கருணை மாதிரி இருக்கிறது. சிப்பாயை இதைவிட இழிவுபடுத்தும் பேச்சு வேறு உண்டோ என்பது என் சந்தேகம். எதிரே நிற்பது கிழவியா, கைக்குழந்தையா என்று அம்புக்குத் தெரியாது. சிப்பாய்க்குத் தெரியும்.

1968-ம் வருஷம் மார்ச் 16-ந் தேதி காலை, வியட்நாமில் மை லாய் என்ற சிற்றூரில் அமெரிக்கப் படையின் ஒரு கம்பெனி வந்து இறங்கியது. அங்கே எதிரிப் படை இருக்கிறது என்று சொல்லித்தான் அவர்களை அனுப்பியிருந்தார்கள். இருந்தவர்களோ பெண்டுகள், கிழவர்கள், குழந்தைகள். காலைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களைக் கூட்டங்கூட்டமாக ஓட்டி வந்து, வாய்க்காலில் இறக்கிச் சுட்டார்கள். அன்று அந்த வட்டாரத்தில் மாண்டவர்கள் 504 பேர் என்பது வியட்நாமியர் வைத்திருக்கும் கணக்கு. படை தன் மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கு வேறு: கொல்லப்பட்ட எதிரிகள் 128, கைப்பற்றிய ஆயுதங்கள் 3. நூற்றிருபத்தெட்டுப் போர்வீரர்களுக்கு மூன்றே ஆயுதம்! மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைகூட இதைப் பார்த்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மேலதிகாரிகள் பாராட்டுச் செய்தி அனுப்பினார்கள்.

அதே கம்பெனியில் சுடமாட்டேன் என்று மறுத்த சிப்பாய்களும் இருந்தார்கள். மறுத்ததற்காக அவர்களில் ஒருவரும் சுடப்படவில்லை. பழமொழி சொல்லுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

மேலே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்தவர் ஹ்யூ தாம்ஸன். இருபத்துநாலு வயசு. கீழே நடப்பதைப் பார்த்துவிட்டு, ஓடுகிற கிராமத்தாருக்கும் துரத்துகிற தம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். இந்த ஜனங்களை அவர்கள் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தம்மோடு வந்த கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா என்ற இருவருக்கும் சொல்லிவிட்டு இறங்கிப் போய், பதுங்கு குழியில் கிடந்தவர்களை மீட்டு அனுப்பினார். அன்றைக்கே அதிகாரிகளிடமும் போய் முறையிட்டார். அதன் பிறகுதான் கொலை நின்றது. விசாரணை என்று ஒன்று நடந்தது. சுமார் இருபது கிராமத்தார் தவறுதலாக இறந்தார்கள் என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. ரைடன்ஹவர் என்ற சிப்பாய் அந்த ஊரில் அன்று இருந்தவர்கூட இல்லை. இருந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டவர். ஒவ்வொருவராகத் தேடி விசாரித்து, 1969 மார்ச்சில், ஊர் திரும்பிய பிறகு ஒரு கடிதம் எழுதி, ஜனாதிபதி முதல் காங்கிரஸ் அங்கத்தினர்கள் வரையில் சுமார் முப்பது பேருக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தில்தான் வழக்குப் பிறந்தது.

தாம்ஸனுக்கும் ரைடன்ஹவருக்கும் நாம் என்ன பெயர் வைத்திருப்போம்? விபீஷணன். காட்டிக் கொடுத்தவன். கும்பகர்ணனைச் சொல்லும்போது மட்டும் நமக்குக் கண்ணில் நீர் துளிக்கிறது. செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான் என்று உருகுகிறோம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் கும்பகர்ணன்தான் சௌகரியம். அவனை வைத்து நாலு அத்தியாயம் அழ வைக்கலாம். ஆனால் செய்வது அநியாயம் என்று தெரிந்தே சண்டைக்குப் போனவன் அவன். மற்றவனோ அதே அநியாயத்தைச் சபையில் எடுத்துச் சொல்லி, துரத்தப்பட்ட பிறகு வெளியேறினவன். மேலும், இந்தக் காலத்துச் சிப்பாய் தின்பது ராவணன் வீட்டுச் சோறு அல்ல. வரி கட்டுகிற ஜனங்களின் சோறு. கடன் யாருக்கு?

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாயிருந்தது. லெப்டினன்ட் காலியின் வழக்கில், சாதாரண அறிவுள்ள மனிதனுக்கே சட்டவிரோதம் என்று தெரியக்கூடிய உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது சமாதானம் ஆகாது என்று ராணுவ நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். ஆறு ஜூரிகளும் ராணுவ அதிகாரிகளே. 1971 மார்ச்சில், குறைந்தது 22 பேரைக் கொன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அடுத்த சில நாட்களுக்குள் ஜனாதிபதி நிக்ஸன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து, சொந்த ஜாகையிலேயே காவலில் வைக்கச் சொன்னார். 1974-ல் விடுதலை. காலியைப் புகழ்ந்து வந்த ஓர் இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாம்! எய்தவர்கள் கதை என்ன? காப்டன் மெடினா குற்றவாளி அல்ல என்று விடப்பட்டார். ஜெனரல் கோஸ்டருக்கு ஒரு படி பதவி இறக்கம். மை லாய் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர் காலி ஒருவரே.

எய்தவனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அம்பு வாய் திறந்தால்தான் எய்தவன் பெயரே வெளியே வரும் என்கிறேன். வாய் திறந்த அம்புக்கு என்ன கிடைத்தது? தாம்ஸனைத்தான் தண்டிக்கவேண்டும் என்றார் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் ராணுவக் கமிட்டித் தலைவர் மெண்டல் ரிவர்ஸ். அதற்கு முன்பே, இரு தரப்புச் சண்டைக்கு நடுவே ஒரு குழந்தையைக் காப்பாற்றினார் என்று பொய் எழுதி அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்திருந்தார்கள். அதை அவர் தூக்கி எறிந்துவிட்டார். நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு, மூன்று பேருக்கும் சேர்த்துப் பதக்கம் கொடுத்தது 1998-ம் வருஷத்தில். அதை வாங்கிக்கொள்ள ஆண்ட்ரியோட்டா இல்லை. மை லாய் நடந்த மூன்றே வாரத்தில், அதே வியட்நாமில், சண்டையில் செத்துப்போனார்.