பழைய வீட்டின் வெளிச்சுவர்: நாங்களே திருத்தலாமா?

பிரித்தானியாவின் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையை எம்மவர் பலர் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடும். எரிசக்தி நிறுவனங்கள் மூலம் அரசு நடத்திய திட்டங்களில் வெளிச்சுவர் வெப்பக்காப்புப் பொருத்தப்பட்ட வீடுகளில் 98 வீதமானவற்றில் பெரிய குறைபாடுகள் உள்ளன, அவை திருத்தப்பட வேண்டும் என்கிறது அந்த அறிக்கை. எண்ணிக்கையில் இவை 22,000 முதல் 23,000 வரையான வீடுகள். பயிற்சி போதாத வேலையாட்கள், கைமாறிக் கைமாறிப் போன ஒப்பந்தங்கள், எந்த வேலைக்கு எந்தத் தரம் என்ற குழப்பம், குறுக்கு வழிகள் ஆகியவையே காரணங்களாகச் சொல்லப்பட்டன. அடுத்த மாத வரவு செலவுத் திட்டத்தில், இந்தத் திட்டத்தைத் தொடர்வதில்லை என்று அரசு அறிவித்தது.

இது எங்களைத் தொடும் செய்தி. ஈஸ்ட் ஹாமிலும் ரூட்டிங்கிலும் எம்மவர் வாங்கிய வீடுகளில் பல 1919க்கு முந்தியவை. ஹரோ, வெம்பிளிப் பக்கம் 1930களின் வீடுகள் அதிகம். இரண்டு சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்துக்கு, "இலவசமாகச் சுவர் செய்து தருகிறோம்" என்று கதவைத் தட்டியவரின் பேச்சு இனித்தது. இப்போது அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. "இனி எங்கட கையாலேயே செய்வம்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. இது சில வேலைகளுக்குச் சரி, சிலவற்றுக்குப் பெரும் தவறு. எது எதற்கு என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதலில் வரி. 2027 மார்ச் 31 வரை, வெப்பக்காப்பு போன்ற எரிசக்தி சேமிப்புப் பொருட்களை ஒரு நிறுவனம் வீட்டில் பொருத்திக் கொடுத்தால் வற் வரி பூச்சியம். அதே பொருளை நீங்கள் கடையில் வாங்கி நீங்களே பொருத்தினால் 20 வீதம். 3,000 பவுண் பொருளுக்கு 600 பவுண் வரி. ஆகவே வெப்பக்காப்பில், சொந்தக் கையால் செய்பவனுக்குச் சட்டம் சலுகை தருவதில்லை. ஆனால் சலுகை இருக்கும் அந்த வேலையில்தான் தரம் கவிழ்ந்திருக்கிறது. இதுதான் இன்றைய சிக்கலின் முடிச்சு.

சாதாரண திருத்த வேலை வேறு. பீலி துப்புரவாக்குதல், செங்கல் இடைவெளிகளுக்குச் சாந்து நிரப்புதல், யன்னல் மரத்துக்குப் பெயின்ற் அடித்தல் ஆகியவற்றில் பொருள் மலிவு, கூலிதான் செலவு. வரிக்குப் பதிந்த நிறுவனம் கூலிக்கும் சேர்த்து 20 வீதம் அறவிடும். எனவே சொந்த உழைப்பு உண்மையாக மிச்சம் தருவது இங்கேதான். வாடகைக்கு விட்ட வீடென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: திருத்தத்துக்கு வாங்கிய பொருளின் விலையை வாடகை வருமானத்தில் கழிக்கலாம், உங்கள் சொந்த உழைப்புக்கு ஒரு விலை போட்டுக் கழிக்க முடியாது.

அடுத்தது சுவர். 1919க்கு முந்திய வீடுகளில் பெரும்பாலும் நடுவே இடைவெளி இல்லாத முழுச் செங்கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைக் கட்டிய மேசன்மார் அறிந்த பொருள்தான். அது ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால், ஈரம் சாந்து வழியே போக முடியாமல் செங்கல்லுக்குள் தங்கும். பனி உறையும்போது செங்கல்லின் முகம் பெயர்ந்து விழும். பழுது தெரிவதற்குச் சில குளிர்காலம் பிடிக்கும், அதற்குள் வேலை செய்தவரைத் தேட முடியாது. எனவே பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள், சுண்ணாம்பு கண்ணைச் சுடும். வெப்பம் 5 பாகைக்குக் கீழே போகும் நாட்களில் தொடவேண்டாம்.

ஒழுங்கும் முக்கியம். முதலில் பீலி, பிறகு சாந்து, கடைசியில் பெயின்ற். பலர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். ஒழுகும் பீலியின் கீழே அடித்த பெயின்ற் அடுத்த மாரியில் உரிந்துவிடும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெப்பக்காப்பைப் பற்றிப் பேசவேண்டும். ஈரச் சுவரை மூடினால் பூஞ்சணம் பிள்ளைகளின் அறைக்குள் வரும்.

சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு வெளிச்சுவரின் பாதிக்கு மேல் பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசினால், பொதுவாகக் கட்டட ஒழுங்குவிதிகளின்படி வெப்பக்காப்பையும் மேம்படுத்த வேண்டியிருக்கும். நகரசபைக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு இருந்தால், வெளிச்சுவரை மூடிப் பூசவே திட்ட அனுமதி தேவை. இந்தக் கடதாசிகள் இல்லாவிட்டால், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி கேட்பார்.

உயிர்க்கணக்கையும் பார்க்கவேண்டும். பிரித்தானியாவில் வேலைத்தள மரணங்களில் உயரத்திலிருந்து விழுவது ஆண்டுதோறும் முன்னணியில் நிற்கிறது. அது பயிற்சி பெற்ற தொழிலாளருக்கு நேர்வது. ஐம்பது வயதில், இரவு வேலை முடித்து, ஞாயிறு காலை இரண்டாம் மாடிக்கு ஏணி வைப்பவரின் நிலை என்ன? கூரைக்கும் இரண்டாம் மாடிச் சுவருக்கும் சாரக்கட்டும் தகுதியான ஆளும் வேண்டும். அஸ்பெஸ்ரஸ் 1999இல்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பழைய கராஜ் கூரையிலும் கூரையோரப் பலகையிலும் அது இருக்கலாம். துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

"தெரிந்த பொடியன் ஒருவன் இருக்கிறான், காசாகக் கொடுத்தால் குறைவு" என்ற வழியும் எங்களிடம் உண்டு. பற்றுச்சீட்டில்லாத வேலைக்கு உத்தரவாதமில்லை. அதைவிட, அந்தப் பொடியன் ஏணியிலிருந்து விழுந்தால் அவனுக்குக் காப்புறுதியும் இல்லை. அவன் வேலை அனுமதி இல்லாத அகதியாக இருந்தால் வைத்தியசாலைக்குப் போகவே அஞ்சுவான். நாங்களும் ஒரு காலத்தில் அந்த நிலையில் நின்றவர்கள்தானே.

ஆகவே நிலத்தில் நின்று எட்டக்கூடியதை நீங்கள் செய்யுங்கள். ஏணிக்கு மேலே உள்ளதையும் வெப்பக்காப்பையும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு தகுதியானவரிடம் கொடுங்கள். வேலைக்கு முன்னரும், பூச்சு மூடுவதற்கு முன்னரும், முடிந்த பின்னரும் படமெடுத்து வையுங்கள். கடைசித் தவணைப் பணத்தை, ஒரு பெருமழையில் சுவரைப் பார்த்த பிறகு கொடுப்பதென்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் விட்டுவந்த வீட்டைப் பலரால் காப்பாற்ற முடியவில்லை. இந்த வீட்டைக் காப்பாற்றப் பீலியையும் சாந்தையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.