ஆணி புடுங்கும் படலம் - 9: நாலு குடித்தனம், ஒரே மோட்டார்

நாலு குடித்தனத்துக்கு ஒரே தண்ணி மோட்டார் இருக்குற ஸ்டோர் வீட்டை நினைச்சுக்கோங்க மக்களே. முதல் போர்ஷன் மாமி தன் குடம் ரொம்பினதும் சுவிட்சை அணைச்சுட்டா, சோப்பு போட்டு நிக்கிற மூணாவது போர்ஷன்காரர் கதி என்ன? லினக்ஸ் கெர்னல்ல கடிகாரத் தகராறும் இதேதான்.

இந்தக் கடிகாரம் மணி பாக்க இல்லீங்க. சிப்புக்குள்ள சீரியல் போர்ட், மெமரி கார்டு, திரை எல்லாம் வேலை செய்யத் தேவையான துடிப்பு. ஒரு படிகத்துல பொறக்கும் துடிப்பை பி.எல்.எல். பல மடங்காக்கும். அப்புறம் அதை வகுத்து, கிளை கிளையா அனுப்புவாங்க. வேலை இல்லாத கிளையை மூடினாத்தான் பேட்டரி தாங்கும்.

இதை ஆன், ஆஃப் பண்ண கெர்னல்ல பொதுவான ஃபங்ஷன் பெயர்கள் 2000-களின் நடுவுலயே இருந்துச்சு. ஆனா உள்ளே இருக்குற நிரலை ஒவ்வொரு சிப் குடும்பமும் தனித்தனியா எழுதிச்சு. ஒரே பெயர்ல ஆளுக்கொரு ஃபங்ஷன் இருந்தா எல்லாத்தையும் ஒரே கெர்னல்ல எப்படி சேர்க்கிறது? 2011-ல ஏ.ஆர்.எம். பக்கக் குழப்பத்தைப் பாத்து லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையா கடுப்பானார். ஜெரமி கெர் 2010-லயே முன்வெச்ச வரைவை மைக் டர்க்வெட் வளர்த்து முடிச்சார். 2012 மே மாசம் வந்த 3.4 கெர்னல்ல பொதுக் கடிகாரக் கட்டமைப்பு சேர்ந்துச்சு.

அதுல பாதி வெறும் எண்ணிக்கை. எத்தனை பேர் கேக்குறாங்கன்னு ஒவ்வொரு கடிகாரத்துக்கும் கணக்கு. கடைசி ஆள் விட்டாத்தான் அணையும். மகனை எழுப்பும் முன்னாடி அப்பன் கடிகாரம் தானா எழும்.

மீதிப் பாதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பி.எல்.எல். நிலைக்கு வர நேரம் ஆகும், காத்திருக்கணும். ஆனா இன்டரப்ட்டுக்குள்ள காத்திருக்கவே கூடாது. அதனால வேலையை ரெண்டாப் பிரிச்சாங்க. 'பிரிப்பேர்' தூங்கலாம், 'எனேபிள்' தூங்கக் கூடாது. முன்னதுக்கு மியூடெக்ஸ், பின்னதுக்கு ஸ்பின்லாக். யார் காத்திருக்கலாம்ங்கறதுதான் இங்கே அசல் கேள்வி.

இதுல ஒரு கண்டிப்பும் உண்டு. பூட் முடியுறப்போ யாரும் உரிமை கோராத கடிகாரங்களை கெர்னல் அணைச்சுடும். பூட்லோடர் ஏத்தி வெச்ச திரை சில போர்டுல பட்டுன்னு இருண்டு போறது இதனாலதான்.

இப்போ நம்ம கதை. பிஸ்கட்டவேல இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட் முடிக்க இன்னும் மூணு வாரம். "மச்சி, ரெஜிஸ்டரை நம்ம டிரைவர்லயே நேரா தட்டிடுவோம், பத்து வரிதான்"ங்கறான் டீம்ல ஒருத்தன். நான் எழுதுற டிரைவரும் அவன் டிரைவரும் ஒரே பி.எல்.எல்.-லதான் தொங்குது. அவன் வேலை முடிஞ்சு அணைச்சா என்னுது செத்துடும். அது டெமோ அன்னிக்கு நடந்தா மார்க்கும் போச்சு. ஒவ்வொரு சிப் குடும்பமும் இப்படி 'பத்து வரிதானே'ன்னு ஆரம்பிச்சதைத்தான் அத்தனை பேர் சேர்ந்து வருஷக்கணக்கா சரி பண்ணாங்க.

பொது வழியிலயே எழுதுறதுன்னு முடிவு பண்ணியாச்சு. மூணு வாரமும் தூக்கம் கிடையாது, அவ்ளோதான். அடுத்த ஆணியோட வரேன்!