தொழுநோய் மருந்தும் நமது கடமையும்

தொழுநோய் தீராத நோய் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே இன்னும் வேரூன்றி நிற்கிறது. அவ்வெண்ணம் முற்றிலும் தவறானது. 1873-ம் வருஷத்தில் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். 1981-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, ரிஃபாம்பிஸின், டாப்ஸோன், க்ளோஃபாஸிமின் என்னும் மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. நோய் அதிகமாகப் பரவிய தேகத்துக்கும் பன்னிரண்டு மாதச் சிகிச்சை போதும். 1995-ம் வருஷம் முதல் இம்மருந்துகள் நோயாளிகளுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

இவ்வளவும் இருந்தும், 2023-ம் வருஷத்தில் நம் தேசத்தில் மாத்திரம் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிய நோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். உலகம் முழுவதிலும் கண்ட தொகையில் இது பாதிக்கு மேல். இதற்குக் காரணங்கள் பல. எடுத்துக்கொண்ட சிகிச்சையை நடுவிலே விட்டுவிடுதல் என்பதைப் பற்றி மட்டும் இன்று எழுதப் புகுகிறோம்.

க்ளோஃபாஸிமின் என்பது அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில், 1950-களில், க்ஷயரோகத்துக்கென்று வின்ஸென்ட் பாரி என்னும் ரஸாயன அறிஞரின் குழுவினர் ஆக்கிய மருந்து. இயல்பில் அது ஒரு சிவப்புச் சாயம். தேகத்தின் கொழுப்பிலும் தோலிலும் அது தங்குகிறது. ஆதலால் உட்கொள்பவரின் தோல் முதலில் சிவந்து, பின்னர் கருமை படர்கிறது. நோய்த் திட்டுகள் இருந்த இடங்களில் அது இன்னும் அழுத்தமாகத் தோன்றுகிறது. தோல் வறண்டு செதிளாவதும் உண்டு. இந்த நிறம் நிரந்தரமன்று. மருந்தை முடித்த பின் மாதக்கணக்கில் மெதுவாக மங்கிவிடும்; சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

வைத்தியருக்கு இது அற்ப விஷயம். நோயாளிக்கோ இதுவே பிராண சங்கடம். அதுவரை ஒருவரும் அறியாதிருந்த நோயை, முகத்தில் ஏறிய நிறம் ஊருக்கெல்லாம் பறைசாற்றிவிடுகிறது. நோய் முற்றுகிறதென்று வீட்டார் அஞ்சுகிறார்கள். வேலை கொடுத்தவர் முகஞ் சுளிக்கிறார். கலியாணப் பேச்சு நின்றுபோகிறது. மருந்தை நிறுத்தினால் நிறம் போகும் என்று ஒருவர் நினைப்பதில் வியப்பென்ன? ஆனால் நிறுத்தியபின், எஞ்சிய கிருமிகள் நரம்பை அரிக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகக்கூடும். டாப்ஸோன் ஒன்றையே நம்பிச் சிகிச்சை செய்த காலத்தில், அதை எதிர்த்து நிற்கும் கிருமிகள் தோன்றியதனாலன்றோ மூன்று மருந்துகளையும் சேர்க்க நேர்ந்தது? மேலும், நிறத்தை மாற்றும் இதே மருந்துதான், இந்நோயில் சிலருக்கு வலிய முடிச்சுகளோடும் ஜுரத்தோடும் எழும் கொந்தளிப்பைத் தணிக்கவும் உதவுகிறது.

அதற்காக, எல்லா விளைவுகளையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் அறியாமையே. பொறுக்கத் தக்கவை வேறு. பொறுக்கத் தகாதவை வேறு. ரிஃபாம்பிஸின் உட்கொண்டதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது குற்றமற்றது. டாப்ஸோன் விஷயம் அப்படியன்று. ஜி-6-பி-டி என்னும் பொருள் இரத்தத்தில் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு, அது சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். மிகச் சிலருக்கு, மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் ஜுரம், தோலில் தடிப்பு, நெறிகட்டுதல், கண்ணில் மஞ்சள் ஆகியவை தோன்றும். இது உயிருக்கே ஆபத்தானது. உடனே டாப்ஸோனை நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும்.

இந்த வேற்றுமையை நோயாளிக்கு யார் சொல்வது? மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதோடு வைத்தியருடைய கடமை தீர்ந்துவிடாது. முதல் நாளிலேயே, அவருடைய பாஷையில், இன்ன நிறம் வரும், இன்ன காலத்தில் போகும், இன்ன குறி கண்டால் ஓடிவர வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். வீட்டாரையும் அழைத்துச் சொல்வது உத்தமம். வறட்சிக்கு எண்ணெய் பூசச் சொல்லலாம். நிறமாற்றத்தை எவ்வகையிலும் ஏற்க இயலாதவருக்கு க்ளோஃபாஸிமினுக்குப் பதிலாக வேறு மருந்து உண்டு என்பதையும் மறைக்கலாகாது. தன் தேகத்தில் நடக்கப்போவதை அறிவது நோயாளியின் உரிமை. அது வைத்தியர் காட்டும் தயவு அன்று.

சட்டம் ஓரளவு தன் பிழையைத் திருத்திக்கொண்டது. ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைக்க வகைசெய்த, அந்நிய ஆட்சியின் 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. தொழுநோயைக் காரணங்காட்டி விவாகரத்துக் கோரும் வழி 2019-ல் அடைபட்டது. சட்டம் திருந்தினால் மட்டும் போதுமா? நம் மனம் திருந்த வேண்டாமா?

மகாத்மா காந்தி தொழுநோயாளர் சேவையைத் தமது நிர்மாணத் திட்டத்தில் ஓர் அம்சமாகச் சேர்த்தார். சேவாக்கிராமத்தில், இந்நோய் கொண்ட பர்ச்சுரே சாஸ்திரியாரின் தேகத்தைத் தம் கையாலேயே பிடித்துவிட்டார். அவர் மறைந்த ஜனவரி 30-ந் தேதியைத் தொழுநோய் எதிர்ப்புத் தினமாக அநுஷ்டிக்கிறோம். அன்று மாலையிடுவதோடு நின்றுவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஊர்தோறும் உழைக்கும் தேச ஊழியர்களுக்கு ஒன்று விண்ணப்பித்துக்கொள்கிறோம். உங்கள் ஊரில் ஒருவர் முகம் கருத்திருப்பதைக் கண்டால், அது நோய் முற்றிய அடையாளமென்று எண்ணாதீர்கள். அவர் சிகிச்சை பெற்று வருவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அவர் யார், என்ன நோய் என்று ஊரில் பேசித் திரியாதீர்கள். அவரருகில் உட்காருங்கள், அவருடைய வேலை பறிபோகாமல் துணை நில்லுங்கள், கடைசி மாத்திரை வரையில் உட்கொள்ளத் தைரியம் சொல்லுங்கள். மருந்து தந்த நிறம் நாளடைவில் தானே மறையும். நாம் சுமத்தும் இழிவு தானாக மறையாது; அதை நாமே நீக்கியாக வேண்டும்.