மலிவு விலை கிராபிக்ஸ் கார்டு யாருக்காக?

ஜிடிஎக்ஸ் 1060 என்ற கிராபிக்ஸ் கார்டை என்விடியா நிறுவனம் 2016 ஜூலையில் வெளியிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு அது. 2022-ன் இறுதியில்தான் அந்த இடம் பறிபோனது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய எத்தனையோ கேமிங் கம்ப்யூட்டர்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அதன் காலம் முடிகிறது. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். விளையாட்டுகளும் கதவை மூடத் தொடங்கிவிட்டன. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ இரண்டுக்கும், ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி வன்பொருளிலேயே இருந்தாக வேண்டும். 1060-ல் அது இல்லை.

ஆகவே, கார்டை மாற்ற வேண்டும். முழு கம்ப்யூட்டரையும் மாற்றப் பணம் இல்லாதவர்தான் கார்டை மட்டும் மாற்ற நினைக்கிறார். அவர் தேடிப் போவது குறைந்த விலைக் கார்டை. சிக்கலும் அங்கேதான். இன்றைய மலிவு விலைக் கார்டுகள் பெரும்பாலும் புதிய கம்ப்யூட்டரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படுகின்றன. அவற்றை வாங்கும் நிலையில் இருப்பவரிடமோ பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது.

மதர்போர்டில் கார்டு செருகப்படும் பிசிஐஇ ஸ்லாட்டைப் பாருங்கள். கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தகவல் போய்வர அதில் 16 பாதைகள் உண்டு. 1060 அந்த 16-ஐயும் பயன்படுத்தியது. 2023-ல் 299 டாலருக்கு அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 4060 பயன்படுத்துவது 8 மட்டுமே. 2022 ஜனவரியில் ஏஎம்டி 199 டாலருக்கு வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் வெறும் 4. பாதை குறைந்தால் தயாரிப்புச் செலவு குறையும். நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள புதிய மதர்போர்டில் ஒவ்வொரு பாதையும் இரட்டிப்பு வேகத்தில் ஓடுவதால் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் இன்டெல் பத்தாம் தலைமுறை வரையிலான கம்ப்யூட்டர்களிலும், ஏஎம்டி-யின் பி450 போர்டுகளிலும் இருப்பது மூன்றாம் தலைமுறை. அங்கே 6500 எக்ஸ்டி-க்குக் கிடைப்பது நொடிக்குச் சுமார் 4 ஜிபி. பத்தாண்டுக்கு முந்தைய 1060 அதே ஸ்லாட்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி பெற்றது!

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 8 பாதை கொண்ட 4060-ஐப் பழைய போர்டில் போட்டால் பல விளையாட்டுகளில் இழப்பு சிறிதுதான். கார்டின் நினைவகம் நிரம்பும்போதுதான் வினை தொடங்குகிறது. 4060-ன் 8 ஜிபி போதாத விளையாட்டில், மிச்சத் தகவலைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகவே இழுத்துவர வேண்டும். படம் திக்கித் திணறும். 6500 எக்ஸ்டி-யில் இருந்ததோ 4 ஜிபி நினைவகம். பழைய போர்டுகளில் அதன் வேகம் கணிசமாகச் சரிந்ததை அது வெளியான நாட்களிலேயே விமர்சகர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

பெயரிலும் தந்திரம் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக விற்கப்படுகிறது. அறிமுக விலை முறையே 379, 429 டாலர். ஐம்பது டாலரை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர் பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர்காரர். நினைவகம் நிரம்பினால் அதிகம் அடிவாங்கப் போவதும் அவரே. இது புதிய வழக்கமும் அல்ல. 1060-ஐயே 3 ஜிபி, 6 ஜிபி என்று என்விடியா விற்றது. 3 ஜிபி கார்டில் நினைவகத்தோடு கணிப்பு மையங்களும் 1280-லிருந்து 1152 ஆகக் குறைந்திருந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

இன்டெல் 2024 டிசம்பரில் கொண்டுவந்த ஆர்க் பி580 இந்த நினைவகக் குறையைத் தீர்க்கும் என்று பலர் நம்பினார்கள். 249 டாலருக்கு 12 ஜிபி நினைவகம் என்பது நல்ல கணக்குதான். ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக உதவும் ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அந்தக் கார்டு முழு வேகம் காட்டாது. பல பழைய போர்டுகளில் அது கிடையாது. அடுத்த மாதமே இன்னொரு குறையும் வெளிவந்தது. அதன் டிரைவர் பிராசசர் மீது ஏற்றும் சுமை அதிகம். ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசர்களோடு சேர்த்தால் சில விளையாட்டுகளில் வேகம் வெகுவாகக் குறைகிறது. மலிவு விலைக் கார்டு, அதை வாங்கக்கூடியவரின் வீட்டில் மட்டும் சரியாக ஓடாது என்றால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வாங்குபவர் பிராசசரை மறந்துவிடுகிறார். 2017-ல் வந்த இன்டெல் ஐ5 7400-ல் நான்கு கோர்கள்தான். திரையில் வரவேண்டிய ஒவ்வொரு காட்சிக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர்; அதை வரைவது கார்டு. கல்யாண வீட்டில் காய் நறுக்குபவர் ஒருவரே இருந்தால், எத்தனை பெரிய அடுப்பு வைத்தாலும் பந்திக்குச் சாம்பார் வராது. வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற விளையாட்டுகள் பிராசசரை நம்பியே ஓடுபவை. அவற்றுக்காக முப்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கார்டு வாங்குபவர் ஏமாறுவார்.

இதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு விளையாடினால் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று திரையிலேயே தெரியும். 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. 60-ஐச் சுற்றியே இருந்தால் பெரும்பாலும் பிராசசர்தான் தடை. சந்தேகமிருந்தால் விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்கலாம். அப்போதும் வேகம் கூடவில்லை என்றால் புதுக் கார்டாலும் கூடாது.

பிராசசர்தான் தடை என்று தெரிந்தால், 2017-ல் எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம். ஏஎம்டி-யின் ஏஎம்4 போர்டு வாங்கியவர் பலருக்கு, மூன்றாண்டு கழித்து வந்த ரைசன் 5000 வரிசையையும் பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் பொருத்த முடிந்தது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறைக்காரருக்கு அந்த வழி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கு, சாக்கெட்டின் பெயர் மாறாதபோதும், புதிய மதர்போர்டு கேட்டது இன்டெல்.

அடுத்தது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ஐ வைத்துக்கொண்டு, இணைப்பு ஒயர் வாங்கிப் பெரிய கார்டை ஓட்டுவது கம்ப்யூட்டரையே பலி கொடுக்கும் வேலை. 1060-க்குத் தேவைப்பட்டது 120 வாட். 4060-க்கு 115 போதும். ஆர்டிஎக்ஸ் 3070-க்குப் போனால் 220. கார்டு விலையில் ஒரு பங்கை நல்ல எஸ்எம்பிஎஸ்-க்கு ஒதுக்கத்தான் வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு விசித்திரம் புலப்படும். பழைய கம்ப்யூட்டருக்குப் பொருத்தமான கார்டு பல நேரம் புதியதல்ல. 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி நினைவகமும் 16 பாதைகளும் ரே டிரேசிங்கும் உண்டு. மின்தேவை 170 வாட். பழைய போர்டில் அது மூச்சு முட்டாமல் ஓடும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் கிடைக்கவும் செய்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் பழைய சுரங்க முறையைக் கைவிட்டபோது, அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின என்பதை மறக்கக் கூடாது. கடையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் பார்த்து, டெஸ்டிங் வாரண்டியை பில்லில் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரின் ஆயுளை நீட்டுவது சிக்கனம் மட்டுமல்ல. 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாக மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. அறிக்கை. 2025 இறுதியில் ராம் விலை எகிறியதில், முழுசாகப் புதிது வாங்குவதும் முன்னைவிடக் கனவாகிவிட்டது.

எனவே நிறுவனங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. எத்தனை பாதைகள், எந்தத் தலைமுறை பிசிஐஇ, ஐந்தாண்டுப் பழைய பிராசசரோடு என்ன வேகம் என்பதை அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். நினைவகம் வேறானால் கார்டின் பெயரும் வேறாக வேண்டும்.

அதுவரை வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் மதர்போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் கேட்காமல் கார்டை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். அடுத்த கடைக்குப் போங்கள்.