சனிக்கிழமை பௌலர்

‘அந்தக் காலத்து ப்ளேயருங்க எல்லாம் நாட்டுக்காக ஆடினாங்க சார். இப்ப எல்லாமே துட்டு!’

கிரிக்கெட் ஏலம் நடக்கிற வாரத்தில் தவறாமல் காதில் விழும் வசனம் இது. 2022-ல் ட்ரென்ட் போல்ட், நியூஸிலாந்து போர்டின் ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவிக்கச் சொன்னபோது, நண்பர் ஒருவர் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி பேசினார். ‘அந்தக் காலத்துல இப்படி ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்’ என்று சவால் வேறு.

காட்டுகிறேன். பெயர் சிட்னி பார்ன்ஸ். 1873-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 27 டெஸ்ட்டில் 189 விக்கெட், சராசரி 16.43. டெஸ்ட் பௌலர்களுக்கு ஐசிசி போட்டிருக்கும் எல்லாக் கால ரேட்டிங்கில் முதல் இடம் அவருக்குத்தான், 932 புள்ளி. ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி அவர் ஆடியது சனிக்கிழமை கிளப் மேட்ச்களிலும், ஸ்டாஃபோர்ட்ஷர் என்கிற ‘மைனர் கவுன்ட்டி’யிலும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ரஞ்சி ட்ராஃபிக்கே தகுதி இல்லாத மாவட்ட அணி. இது எப்படி நடந்தது?

1901-ல் பார்ன்ஸ், பர்ன்லி கிளப்பின் சம்பள பௌலர். லங்காஷர் கேப்டன் மெக்லாரன் அவரை வலைப் பயிற்சியில் எதிர்கொண்டார். அடி தாங்க முடியவில்லை. கையோடு ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கைவிரல் எண்ணிக்கையில் முதல் தர மேட்ச் ஆடியிருந்த ஆள்! பத்திரிகைகள் சிரித்தன. பார்ன்ஸ் முதல் இரண்டு டெஸ்ட்டில் 19 விக்கெட் எடுத்தார். பிறகு முழங்கால் மக்கர் செய்தது.

அடுத்த கோடையில் ஷெஃபீல்ட் டெஸ்ட்டில் 49 ரன்னுக்கு 6 விக்கெட். அதற்கு அடுத்த டெஸ்ட் ஓல்ட் ட்ராஃபோர்டில். அணியில் அவர் இல்லை. இங்கிலாந்து 3 ரன்னில் தோற்றது. (தேர்வுக் குழுக்கள் எல்லா ஊரிலும் தேர்வுக் குழுக்கள்தான்.)

1903-ல் லங்காஷருக்கு 131 விக்கெட். சீசன் முடிந்ததும் சம்பளப் பேச்சு. ஒத்து வரவில்லை. பார்ன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு லீக்குக்குத் திரும்பிவிட்டார்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கிறது. கவுன்ட்டி என்றால் கோடை முழுக்க வாரம் ஆறு நாள் பந்து போட வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலும் நீயே பிழைத்துக்கொள். லீக் கிளப் என்றால் சனிக்கிழமை ஒரு மதியம். சம்பளம் போக, அஞ்சு விக்கெட் எடுத்தால் கூட்டத்தில் உண்டியல் சுற்றி வரும், அந்தச் சில்லறையும் உனக்கு. மிச்ச நாளில் வேறு வேலை பார்க்கலாம். உடம்பும் தேயாது. உங்கள் பிள்ளை இந்த இரண்டு ஆஃபரையும் கொண்டு வந்து காட்டினால் எதில் கையெழுத்துப் போடச் சொல்வீர்கள்?

பார்ன்ஸ் கூட்டித்தான் பார்த்தார். அதற்குப் பெயர் வைத்தார்கள்: முரடர், முசுடு, பணத்தாசை பிடித்தவர்.

யார் வைத்தது? அங்கேதான் வேடிக்கை. அன்றைய இங்கிலாந்தில் ‘அமெச்சூர்’ என்றால் கனவான். காசுக்கு ஆட மாட்டார். ‘ப்ரொஃபஷனல்’ என்றால் கூலிக்காரர். இரண்டு பேருக்கும் டிரஸ்ஸிங் ரூம் வேறு. சில மைதானங்களில் உள்ளே வரும் வாசலே வேறு. ஸ்கோர் அட்டையில் இனிஷியல் எழுதுகிற விதம்கூட வேறு. 1962 வரை இந்தத் தீண்டாமையைக் கட்டிக் காத்தார்கள். அந்த கனவான்களுக்கெல்லாம் தலைவர் டபிள்யூ.ஜி.கிரேஸ், 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வாங்கியது 3,000 பவுண்டு. செலவு தனி! கூடப் போன கூலிக்காரர்களுக்குக் கிடைத்ததோ அதில் ஒரு சின்னத் துண்டு. கிரேஸுக்குச் சிலை வைத்தார்கள். பார்ன்ஸுக்கு ‘பேராசைக்காரர்’ பட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தங்கக் கம்பி இல்லை. காட்ச்சை விட்டவனை முறைத்தே கொல்வார். 1911-ல் சிட்னி டெஸ்ட்டில் கேப்டன் டக்ளஸ், புதுப் பந்தை இவரிடம் தராமல் தானே எடுத்துக்கொண்டதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இங்கிலாந்து தோற்றது. அடுத்த மெல்போர்ன் டெஸ்ட்டில் பந்து கைக்கு வந்தது. முதல் 5 ஓவரில் 1 ரன், 4 விக்கெட். தொடர் 4-1 என்று இங்கிலாந்துக்கு. கோபக்காரர்தான். ஆனால் கோபம் தப்பான இடத்தில் இல்லையே?

1913-14-ல் தென்னாப்பிரிக்காவில், நாற்பது வயதில், 4 டெஸ்ட்டில் 49 விக்கெட். ஒரே தொடரில் இத்தனை விக்கெட் இன்றுவரை யாரும் எடுத்ததில்லை. அஞ்சாவது டெஸ்ட்டுக்கு வர மாட்டேன் என்றார். சொன்ன பணம் வந்து சேரவில்லை என்ற தகராறுதான் காரணம் என்பார்கள். அதோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 1920-ல் மறுபடி ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டார்கள், 47 வயதில்! மனைவிக்கும் கப்பல் டிக்கெட் போடுங்கள் என்றார். எம்.சி.சி. மறுத்தது. இவர் போகவில்லை. இங்கிலாந்து 5-0 என்று உதை வாங்கித் திரும்பியது. ஒரு டிக்கெட்டை மிச்சம் பிடித்த சிக்கனம்!

நாட்டுக்காக ஆடாதவரா அவர்? கூப்பிட்டபோது போய் 189 பேரை அவுட்டாக்கியவர். கூலியைக் கேட்டார், அவ்வளவுதான். ‘நாடு’ என்று இவர்கள் சொல்கிற இடத்தில் எல்லாம் ‘போர்டு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், கதை தெளிவாகிவிடும். போல்ட் கதையையும் அப்படியே படியுங்கள்.

பார்ன்ஸ் பிறகும் நிறுத்தவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷருக்கு மட்டும் 1,441 விக்கெட், சராசரி 8.15. 1929-ல், 56 வயதில், மைனர் கவுன்ட்டிகள் அணிக்காகத் தென்னாப்பிரிக்கர்களை 41 ரன்னுக்கு 8 பேர் என்று சுருட்டினார்.

இதற்கு நடுவே ஸ்டாஃபோர்ட்ஷர் கவுன்சிலில் எழுத்தர் வேலை. பத்திரங்களை எழுதுவது. பந்தைத் திருப்பிய அதே நீள விரல்கள். அச்சில் வார்த்த மாதிரி கையெழுத்து. 1957-ல் எலிசபெத் ராணி ஸ்டாஃபோர்டுக்கு வந்தபோது, ஊர் சார்பில் கொடுத்த வரவேற்புச் சுருளை எழுதியது அவர்தான். அப்போது வயது 84.