உறையில் தேய்ந்த துப்பாக்கி

ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் ஒருவர் என் நடைத்தோழர். விடியலுக்கு முன் கிரிவலப் பாதையின் ஒரு பகுதியை இருவரும் சேர்ந்து நடப்பது வழக்கம். அதிகம் பேசாத மனிதர். கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்கள் முன்பு, பந்தோபஸ்துக்கான தடுப்புக் கட்டைகள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், தாமாகவே தம் பழைய ரிவால்வரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

“எந்த ஸ்டேஷன் போனாலும் ஒண்ணு வாங்கி மாட்டிக்குவோம் சார். ஆனா அதுல ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. ஆறு வருசம் எங்கிட்ட இருந்துச்சு. எனக்கு முன்னால எத்தனை பேர் இடுப்புல இருந்துச்சோ. குழாய் நுனியில கறுப்பெல்லாம் போயி வெள்ளி மாதிரி ஆயிருந்துச்சு. பிடியில கட்டம் கட்டமா வெட்டியிருப்பாங்க இல்ல, அது வழவழன்னு தேஞ்சு போயிருந்துச்சு.”

“அவ்வளவு சுட்டிருக்கிறீர்களா?” என்றேன்.

“எங்க சார்! வருசத்துக்கு ஒருக்கா ரேஞ்சுல சுடுவோம், அதோட சரி. வெளியில ஒரு குண்டுகூட சுட்டதில்ல. தீபத்தன்னிக்கு அந்தக் கூட்டத்துல ராத்திரி பூரா கை அதுமேலயே இருக்கும். எவனாவது உருவிட்டான்னா? அதுல தேஞ்சதுதான் பிடி.”

ஓய்வுபெறும்போது அதை விலைக்குத் தருவார்களா என்று விளையாட்டாகக் கேட்டாராம். ஆயுதக் கிடங்கில் இருந்தவர் சிரித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். அன்று வீடு திரும்பிய பிறகும் அந்தத் தேய்ந்த பிடி என் நினைவைவிட்டு அகலவில்லை. அதுபற்றிய சில எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

அந்த எழுத்தர் சிரித்ததற்குச் சட்டத்தில் காரணம் உண்டு. நம் காவலர்கள் நெடுங்காலம் இடுப்பில் கட்டியிருந்தவை பெரும்பாலும் வெப்லி வகையைச் சார்ந்த, .380 தோட்டாவை ஏற்கும் ரிவால்வர்கள். இந்திய ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த விதிகள், படைக்கும் காவலுக்கும் உரிய தோட்டாக்களைச் சுடவல்ல துப்பாக்கிகளைத் ‘தடைசெய்யப்பட்ட’ வகையில் வைக்கின்றன. .380, .455 ரிவால்வர்கள், 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைபிள், .410 மஸ்கட் யாவும் அப்பட்டியலில் உள்ளன. அரசின் தோட்டா குடிமகனின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே இதன் எளிய தர்க்கம். உரிமம் பெற்ற குடிமகனுக்குக் கிடைப்பது .32 ரிவால்வர். கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலை உருவாக்கிய .32 ரிவால்வர், பழைய வெப்லியின் அமைப்பையே பெரிதும் ஒத்தது. கட்டைவிரலால் நெம்பைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடிந்து திறக்கும். சுட்ட ஆறு கூடுகளும் ஒருசேர மேலெழும்பி வெளியே விழும். உருவம் ஒன்றுபோல் இருந்தாலும் துளையின் அளவு வேறு. குடிமகனுக்கும் காவலனுக்கும் இடையே சட்டம் வரைந்த கோடு அந்தச் சிறு வேறுபாட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899இல் வெளியிட்ட ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்னும் .38 ரிவால்வர், பிற்காலத்தில் ‘மாடல் 10’ என்று பெயர்பெற்று, அந்நாட்டுக் காவலர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் தொங்கியது. 1980களிலும் 90களிலும் காவல்துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது, பழைய ரிவால்வர்கள் வணிகர்வழிப் பொதுமக்களிடம் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தேடி வாங்கிச் சுட்டு மகிழ்வோர் அங்கு ஏராளம். அவர்களிடையே வழங்கும் ஒரு பட்டறிவு என்னைக் கவர்ந்தது. காவலர் பயன்படுத்திய ரிவால்வர் வெளியே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உள்ளே ஏறக்குறையப் புதியதாகவே இருக்கும் என்பார்கள். நாள்தோறும் தோலுறையில் உரசி மெருகு போயிருக்கும். வியர்வை பட்டுப் பிடி நிறம் மாறியிருக்கும். குழலின் உட்புறச் சுருள் வரிகளும், உருளையைச் சுழற்றும் பற்களும் அப்படியே இருக்கும். சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. ஆகவே மலிவான விலையில் நல்ல துப்பாக்கி என்பது வாங்குவோரின் கணக்கு.

எனக்கோ இது வணிகத்தைத் தாண்டிய உண்மையாகத் தோன்றுகிறது. ஒரு காவலரின் ஆயுதத்துக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று வேறு இருக்க முடியுமா?

தமிழ் கற்பிப்பவனுக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே ஆயுதங்கள் பீலி சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மனையில் பளபளக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோலப் பழிக்கும் அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் புன்னகைப்பார்கள். தேய்ந்த ஆயுதமே வீரத்தின் அடையாளம், புதிய ஆயுதம் கோழைமையின் அடையாளம் என்பது அதன் உட்பொருள். இந்த மண்ணுக்கும் அம்மதிப்பு அன்னியமன்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்கள் அதையே சொல்கிறார்கள்.

போர்க்களத்துக்கு உரிய அந்த அளவுகோலைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் மனக்குறை. போர்வீரனுக்கு எதிரே நிற்பவன் பகைவன். காவலருக்கு எதிரே நிற்பவன், குற்றமே செய்திருந்தாலும், அதே நாட்டின் குடிமகன். அவனைத் தண்டிக்க வேறொரு மன்றம் இருக்கிறது. ஆகவே காவலரின் துப்பாக்கியைப் புறநானூற்றுப் பாட்டைத் தலைகீழாக்கித்தான் மதிப்பிட வேண்டும். வெளியே தேய்ந்திருப்பது கடமை. உள்ளே புதிதாக இருப்பது அறம்.

நம் திரைப்படங்கள் வேறு பாடம் சொல்லின. 2003இல் வந்த ‘காக்க காக்க’ முதலாகச் சுட்டுத்தள்ளும் அதிகாரியே நாயகன் என்பது ஒரு வாய்பாடாயிற்று. அப்படங்களை நானும் ரசித்துப் பார்த்தவன்தான். 2024இல் வெளிவந்த ‘வேட்டையன்’ அந்த வாய்பாட்டைச் சற்றே நிறுத்திக் கேள்வி கேட்டது. எனினும் திரையரங்கில் கைதட்டல் எழுவது பெரும்பாலும் துப்பாக்கி வெடிக்கும் கணத்தில்தான்.

திருவண்ணாமலையில் வாழ்பவன் இக்கைதட்டலை எளிதில் கடந்துபோக இயலாது. இம்மாவட்டம் 1989இல்தான் தனியே பிரிந்தது; அதுவரை வட ஆர்க்காட்டின் பகுதி. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூர் அருகே குண்டு வெடித்து ஒரு காவல் ஆய்வாளரும் காவலர்களும் உயிரிழந்தனர். அதையொட்டி வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் நக்சலைட்டுகள் எனப்பட்ட இளைஞர்கள் பலர் ‘மோதல்’ என்று அறிவிக்கப்பட்ட நிகழ்வுகளில் கொல்லப்பட்டனர். பிறகு 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைக் கூலிகள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் தரப்பு; மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்தச் சடலங்கள் ஊர் வந்த நாட்களை மலையடிவாரத்துச் சிற்றூர்கள் மறந்திருக்க வழியில்லை.

காவலரும் மனிதர்தானே, உயிருக்கு ஆபத்து வந்தால் சுடக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருப்பத்தூரில் இறந்த காவலர்களின் பிள்ளைகளும் தந்தையற்றவர்களாகத்தான் வளர்ந்தனர். தற்காப்புரிமையைச் சட்டம் யாருக்கும் மறுக்கவில்லை. அந்த உரிமை மெய்யாகவே பயன்பட்டதா என்பதைச் சுட்டவர் வாய்மொழி மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மோதல் சாவுகளுக்கு 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். தனித்த விசாரணை நடக்க வேண்டும். உடனடிப் பதவி உயர்வும் வீர விருதும் கூடாது. சுட்ட அதிகாரி தம் ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. குழலின் உள்வரிகள் தன் வழியே செல்லும் ஒவ்வொரு குண்டின் மேலும் தம் கீறலைப் பதிக்கின்றன. அந்த வகையில் துப்பாக்கியும் ஒரு சாட்சி. பேசத் தெரியாவிட்டாலும் பொய் சொல்லத் தெரியாத சாட்சி.

தனியார் கையில் துப்பாக்கி இருப்பதையும் நான் விரும்பவில்லை. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்த இழிவு எதிர்க்கத் தக்கதே. அதற்காக, விடுதலைக்குப் பிறகும் தொடரும் கட்டுப்பாட்டை வெறும் அடிமைத்தனத்தின் எச்சம் என்று தள்ளிவிட முடியாது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாடு அறியும். எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் குரல் வாழ்நாள் முழுதும் மாறிப்போயிற்று. ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனை சென்றார். ஒரே மேடையில் நடித்தவர்களுக்கிடையே மூண்ட சினம், கைக்கெட்டும் தூரத்தில் ரிவால்வர் இல்லாதிருந்தால் வாய்ச்சண்டையாக முடிந்திருக்கக்கூடும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. எனக்கு அது சரியான திசையாகவே படுகிறது.

துப்பாக்கியின் ஈர்ப்பை அறியாமல் இதை எழுதவில்லை. கல்லூரியில் தேசிய மாணவர் படைப் பொறுப்பில் இருந்தபோது .22 ரைபிள் சுட்டிருக்கிறேன். மூச்சை அடக்கி விசையை மெல்ல அழுத்தி, தொலைவில் உள்ள தாளில் துளை விழுவதைக் காண்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. ரிவால்வர் அவ்வளவு எளிதில் வசப்படாது என்கிறார் நண்பர். சுத்தியைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு சுட்டால் விசை இலகுவாக இருக்கும். அப்படியே அழுத்திச் சுட்டால், உருளையும் சுழன்று சுத்தியும் பின்வாங்க வேண்டியிருப்பதால் விரலுக்குப் பெரும்பலம் வேண்டும், கை ஆடும், குறி தப்பும். “முதல் குண்டு எங்க போவும்னு சாமிக்குத்தான் தெரியும் சார். கூட்டத்துல எடுத்தா யார்மேல படும்? அதான் எடுக்கவே பயம்” என்றார். அந்த அச்சத்தைக் கோழைமை என்று நான் சொல்லமாட்டேன். ஆயுதத்தை அறிந்தவனுக்கு மட்டுமே வரும் அச்சம் அது.

சென்னை எழும்பூரின் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் பழைய ஆயுதங்களை மெருகேற்றிக் கண்ணாடிக்குள் வைப்பது வழக்கம். எனக்கு ஓர் ஆசை உண்டு. மெருகேற்றாமல், நுனி வெளுத்து, பிடி தேய்ந்த ஒரு ரிவால்வரை அப்படியே வைக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள், எந்தெந்தக் காவல் நிலையங்களில், எத்தனை தீபத் திருவிழாக்களில் அது சுமக்கப்பட்டது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அருகே எழுத வேண்டும். பயிற்சிக் களத்துக்கு வெளியே அது ஒருமுறையும் சுடப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

நண்பரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “நம்பர்கூட இன்னும் ஞாபகம் இருக்கு சார்” என்று அந்த எண்ணை முழுதும் சொன்னார்.